ஸ்டீல்ஹெட்டை விட மூன்று மடங்கு பெரிசு: காவிரியின் ராட்சதக் கெண்டை எங்கே போனது?

விழுப்புரம் மாவட்டம், ஆரோவில்லை ஒட்டிய இரும்பை கிராமம். பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் இருக்கும் ஊர். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் இங்குள்ள ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். பெரியவர்கள் மூங்கில் கழி, தக்கை, மண்புழுவோடு வருவார்கள். ஐ.டி. வேலைக்குப் போகும் இளைஞர்கள் கையில் ஆன்லைனில் வாங்கிய கார்பன் ராடு, ரீல், பிளாஸ்டிக் தவளை. விரால் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் கரையில் உட்கார்ந்தபடியே யூடியூப்.

அந்த யூடியூபில் அடிக்கடி வரும் ஒரு மீன், ஸ்டீல்ஹெட். பனி மூடிய காடு, ஹெலிகாப்டரில் போய் இறங்க வேண்டிய ஆறு, இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நிற்கும் ஒருவர், அவர் கையில் வெள்ளிப் பாளம் மாதிரி ஒரு மீன். போட்டோ எடுத்ததும் மீனை மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுகிறார். ‘இவ்ளோ செலவு பண்ணிப் போய் பிடிச்சிட்டு, ஏன் விடுறாங்க?’ என்ற கேள்வி பார்ப்பவர்களுக்கு வராமல் இருக்காது.

அந்தக் கேள்விக்கான பதில் கனடாவில் மட்டும் இல்லை. மோயாறிலும் ஒகேனக்கலுக்கு மேலே உள்ள காவிரியிலும் இருக்கிறது. அதைவிட மூன்று மடங்கு எடையுள்ள ஒரு மீன் நம்ம ஆற்றிலேயே இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அது குறைந்துபோன கதையில் வில்லன் என்று ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது.

முதலில், ஸ்டீல்ஹெட் என்றால் என்ன?

ஸ்டீல்ஹெட் தனி இனமே கிடையாது. ரெயின்போ ட்ரவுட் மீனும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம்தான். ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே வாழ்ந்தால் அது ரெயின்போ ட்ரவுட். பிறந்து ஓரிரு வருடங்களில் பசிபிக் கடலுக்குப் போய், நன்றாகச் சாப்பிட்டு உடம்பு தேற்றி, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்தால் அது ஸ்டீல்ஹெட். ஊரில் தங்கிவிட்ட அண்ணனும் துபாய் போய்விட்டு வந்த தம்பியும் மாதிரி. பசிபிக் சால்மன் மீன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் ஒரு பகுதி பிழைத்து, மறுபடி கடலுக்குப் போய், மறுபடி வரும்.

அந்த ‘ஊரில் தங்கிய அண்ணன்’ தமிழ்நாட்டிலேயே இருக்கிறார். 1860-களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்று தோற்றுப்போனார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசின் மீன் நிபுணர் எச்.சி.வில்சன் அதைச் சாதித்தார். ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் இதற்காகவே குஞ்சுப் பொரிப்பகம் அமைக்கப்பட்டது. ஆக, இரும்பையிலிருந்து ஸ்டீல்ஹெட்டின் சொந்தக்காரரைப் பார்க்க விசா தேவையில்லை, ஊட்டி பஸ் போதும். என்ன, நீலகிரி ட்ரவுட்டுக்குக் கடலுக்குப் போக வழியில்லை. அதனால் அந்த உடம்பும் வருவதில்லை.

தூண்டிலில் பிடிபட்ட ஸ்டீல்ஹெட்டில் உலக சாதனையாகப் பதிவானது 1970-ல் அலாஸ்காவில் கிடைத்த மீன். எடை 42 பவுண்டு 2 அவுன்ஸ், அதாவது சுமார் 19 கிலோ. காவிரி மீனுக்கு வருவோம். 1946-ல் கபினி ஆற்றில், மைசூரின் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன் பிடித்த மஹசீர் 120 பவுண்டு. கிலோவில் 54-க்கு மேல். (மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்து கொடுத்தார்களே, அதே வான் இங்கன் குடும்பம்தான்.) ஒரு பிளஸ் டூ மாணவரின் எடை இருக்கும் மீனை, ஒரு ராடும் நரம்பும் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

கெண்டையிலே இது பெரிய கெண்டை

மஹசீர் என்ற பெயர் வடக்கே இருந்து வந்தது. உண்மையில் இது கெண்டை குடும்பம். நாம் குழம்பு வைக்கும் கெண்டைக்கும் ரோகுவுக்கும் உறவு. தமிழில் பூமீன் கெண்டை, ஆனைக் கெண்டை என்றெல்லாம் பெயர்கள் உண்டு. உள்ளங்கை அகலத்துக்குச் செதில், தடித்த உதடு. தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. நண்டு, நத்தை எதுவானாலும் அங்கே போட்டு நொறுக்கிவிடும்.

இந்தியாவில் பல வகை மஹசீர்கள் உண்டு. இமயமலை ஆறுகளில் தங்க மஹசீர் பிரபலம். காவிரிக்கென்று இருப்பது கூன் மஹசீர். தலைக்குப் பின்னால் முதுகு திடீரென்று மேலே எழும்பி நிற்கும், துடுப்புகள் ஆரஞ்சு நிறம். காவிரியிலும் அதன் கிளை ஆறுகளிலும் தவிர உலகில் வேறு எங்கும் இது இயற்கையாகக் கிடையாது.

கடலுக்குப் போய் வராது என்பதைத் தவிர, வாழ்க்கை முறை ஸ்டீல்ஹெட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்ததும் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். கூழாங்கல் படுகையும், ஆக்சிஜன் நிறைந்த ஓடும் தண்ணீரும் இருக்கும் இடமாகப் பார்த்து முட்டையிடும். தேங்கிய, சேறு கலந்த தண்ணீர் ஆகாது. ஏறிப்போகும் வழியில் அணை குறுக்கே வந்தால் அவ்வளவுதான். காவிரியில் கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர், பவானி ஆற்றில் பவானிசாகர் என்று 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே முக்கியமான வழிகள் அடைபட்டுவிட்டன.

வெள்ளைக்காரர் எழுதிய தூண்டில் புத்தகம்

1873-ல் எச்.எஸ்.தாமஸ் என்ற சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்பதற்கு அதுதான் அந்தக் காலத்து கையேடு. மஹசீரை இங்கிலாந்தின் சால்மனுக்கு மேல் வைத்துப் பேசியவர் அவர். ஏரி, குளங்களில் மீன் பிடிப்பதற்கென்றே 1887-ல் தனியாக இன்னொரு புத்தகமும் போட்டார். இரும்பை ஏரிக்கரைக்காரர்களுக்கு அவர்தான் மூத்த சங்கத் தலைவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்றைக்குப் படிக்கும்போது ஆச்சரியமான விஷயம், அப்போதே மீன் குறைகிறது என்ற கவலை இருந்தது. 1879-ல் நீலகிரிக்கென்று வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1897-ல் வந்த இந்திய மீன்பிடிச் சட்டம், வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றம் என்று சொன்னது. தோட்டா போட்டால் ஒரு பெரிய மீனோடு சேர்த்து அந்த மடுவில் இருக்கும் குஞ்சு, முட்டை, நண்டு எல்லாம் போய்விடும். சட்டம் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. காட்டு ஆறுகளில் தோட்டா சத்தம் இன்னும் முழுசாக நிற்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் போனார்கள், தூண்டில் கதையும் ஓய்ந்தது. காவிரியின் பெரிய மஹசீர் அழிந்தே போய்விட்டது என்றுதான் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் பலர் நினைத்தார்கள். 1970-களின் கடைசியில் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் இந்தியா வந்து காவிரியில் தூண்டில் போட்டு, பெரிய மீன்களைப் பிடித்துக் காட்டினார்கள். அதற்கப்புறம் வருடா வருடம் ஐரோப்பாவிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. ‘ரிவர் மான்ஸ்டர்ஸ்’ டி.வி. தொடரில் பார்த்திருப்பீர்களே, ஜெரமி வேட், அவரும் 1980-களில் மஹசீர் தேடி இந்தியாவுக்கு வந்தவர்தான்.

களி உருண்டைக்கு மயங்கிய மீன்

கர்நாடகப் பக்கத்துக் காவிரியில் பீமேஸ்வரி, கேலிபோர், தொட்டமக்கலி என்று தூண்டில் முகாம்கள் வந்தன. அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தியது. பெங்களூரைச் சேர்ந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் என்ற அமைப்பும் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் காத்தது.

அங்கே போட்ட இரை என்ன தெரியுமா? ராகி. கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி, உருண்டை பிடித்து, முள்ளில் குத்தி, பாறைகளுக்கு நடுவே இழுப்பில் போட வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நாம் சாப்பிடும் அதே களி. மீன் கவ்வியதும் கரையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தால் பாறையில் உரசி நரம்பு அறுந்துவிடும். அதனால் உடனே பரிசலில் ஏறி, மீன் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போவார்கள். கடைசியில் கரை ஒதுக்கி, எடை பார்த்து, போட்டோ எடுத்து, மூச்சு திரும்பும் வரை தண்ணீரில் பிடித்து நிற்க வைத்துவிட்டு, விட்டுவிட வேண்டும். கொல்லக்கூடாது என்பது முகாமின் கண்டிப்பான விதி.

பரிசல் ஓட்டியவர்கள், மீன் எந்த மடுவில் நிற்கும் என்று கைகாட்டியவர்கள் எல்லாம் பக்கத்து கிராமத்துக்காரர்கள். அவர்களில் சிலர் அதற்கு முன்னால் திருட்டுத்தனமாக அதே ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். மீனைச் செத்ததாக விற்றால் ஒரு நாள் வருமானம். உயிரோடு விட்டால் அடுத்த மாதம் இன்னொரு விருந்தினர் வருவார், மறுபடி கூலி. இந்தக் கணக்கு புரிந்ததும் ஆற்றைக் காவல் காத்ததும் அவர்கள்தான். ‘பிடித்து விடுவது’ என்ற வெளிநாட்டுப் பழக்கத்தை இந்தியாவில் ஆதரிப்பவர்கள் இன்றும் முதலில் எடுத்துவைக்கும் வாதம் இது. அதில் நியாயம் இருக்கிறது.

எதிர்வாதமும் லேசானதல்ல. வேடிக்கைக்காக ஒரு உயிரின் வாயில் முள் மாட்டி அரை மணி நேரம் இழுத்தடிப்பது என்ன பாதுகாப்பு? அதுவும் சரணாலயத்துக்குள்? யானையைச் சும்மா வலை போட்டுப் பிடித்து, போட்டோ எடுத்துவிட்டு விடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா? 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால், சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டைதான். கடைசியில் அந்த வாதம்தான் ஜெயித்தது. காவிரி சரணாலயப் பகுதியில் தூண்டிலுக்குத் தடை வந்தது. 2012-க்குப் பிறகு கேலிபோரில் தூண்டில் பதிவேடு நின்றுபோனது.

அந்தப் பதிவேடு சொன்ன ரகசியம்

இந்தக் கதையில் உண்மையான திருப்பம் அந்தப் பதிவேடுதான். முகாமில் ஒவ்வொரு விருந்தினரும் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன் சிக்கியது, எடை எவ்வளவு என்பதையெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். பெருமைக்காக எழுதியதுதான். விஞ்ஞானத்துக்காக இல்லை.

ஏட்ரியன் பிண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன் உள்ளிட்ட குழுவினரும் கேலிபோரின் 1998 முதல் 2012 வரையிலான கணக்கை எடுத்து உட்கார்ந்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மஹசீர்கள். இந்திய ஆற்று மீன் ஒன்றைப் பற்றி இவ்வளவு நீண்ட கணக்கு கிடைப்பதே அபூர்வம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி. வருடம் போகப் போக, ஒரு மணி நேரத்துக்குச் சிக்கும் மீன் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. பாதுகாப்பு வேலை செய்கிறது என்று கைதட்டலாம். ஆனால் என்ன மஹசீர் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கூடிக்கொண்டே போனது நீலத் துடுப்பு மஹசீர். காவிரியின் சொந்த மீனான கூன் மஹசீரின் எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்திருந்தது.

இன்னொன்றும் இருந்தது. கூன் மஹசீர் குறைவாகச் சிக்கினாலும், சிக்கிய மீனின் சராசரி எடை மட்டும் கூடிக்கொண்டே போனது. ‘பெரிய பெரிய மீனா வருதே’ என்று தூண்டில்காரருக்குச் சந்தோஷம். ஆய்வாளருக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஒரு ஊரில் சராசரி வயது 40, 50, 60 என்று ஏறிக்கொண்டே போகிறது என்றால், அங்கே எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் இல்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை என்பதற்காகவும் இருக்கலாம். கூன் மஹசீரில் அதுதான் நடந்திருந்தது. குஞ்சுகள் வளர்ந்து மேலே வரவில்லை.

நல்லது செய்யப்போய்...

அந்த நீலத் துடுப்பு மஹசீர் எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவிலிருந்து. அங்கே டாடா மின்நிறுவனத்தின் பொரிப்பகத்தில் 1970-களில் மஹசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை. மஹசீர் அழிந்துவருகிறது, நாம் குஞ்சு பொரித்து ஆறுகளில் விடுகிறோம் என்ற நல்லெண்ணம். பல மாநிலங்களுக்கும் குஞ்சுகள் போயின. காவிரிக்கும் வந்தன. மீன்வளத்துறை, தூண்டில் சங்கம் எல்லோரும் சேர்ந்துதான் வரவேற்றார்கள். ‘மஹசீர் ஆற்றில் மஹசீரை விடுகிறோம், இதில் என்ன தப்பு?’

தப்பு, அது வேறு ஆற்றின் மஹசீர் என்பதில் இருந்தது. ஒரே உணவு, ஒரே மடு, ஒரே கூழாங்கல் படுகைக்கு இரண்டு இனங்கள் போட்டி. வந்தது வேகமாகப் பெருகியது. கூன் மஹசீரின் சரிவுக்கு அணை, மணல் அள்ளுவது, தோட்டா, தண்ணீர் குறைந்தது என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு, காப்பாற்றுவதற்காகச் செய்த வேலையும் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

ஸ்டீல்ஹெட் ஆறுகளிலும் இதே சண்டை பல வருடமாக நடக்கிறது. அமெரிக்க, கனடிய ஆறுகளில் பொரிப்பகக் குஞ்சுகளை விடும்போது முதுகில் வால் பக்கம் இருக்கும் சின்னத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். தூண்டிலில் சிக்கிய மீனுக்கு அந்தத் துடுப்பு இல்லை என்றால் பண்ணை மீன், பல இடங்களில் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். துடுப்பு இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும். ‘வைல்ட் ஸ்டீல்ஹெட்’ என்று வீடியோ தலைப்பில் பெருமையாகப் போடுவது இதனால்தான். பண்ணை மீன் கலப்பதால் காட்டு மீனின் வம்சம் பலவீனமாகிறது என்பது அங்கே பெரிய விவாதம். இவ்வளவு கவனமாக இருந்தும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் புகழ்பெற்ற தாம்சன் ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் 200-க்கும் கீழே இறங்கியது. 2018-ல் கனடாவின் நிபுணர் குழு அதை அழியும் நிலையில் உள்ளதாக அறிவித்தும், அடுத்த வருடமே கனடிய அரசு சட்டப் பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டது. பணக்கார நாடு, நல்ல சட்டம், ஏராளமான ஆய்வாளர்கள் என்பதெல்லாம் இருந்தால் மீன் தானாகப் பிழைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

பேரே இல்லாத மீன்

கூன் மஹசீரின் இன்னொரு துரதிர்ஷ்டம் கொஞ்சம் சிரிப்பையும் வரவழைக்கும். 150 வருடமாக உலகமே பேசிய மீன், அறிவியலில் அதற்கு உறுதியான பெயரே இல்லை. தப்பான பெயர்களில் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் இல்லாத இனத்தை அழிவுப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? ரேஷன் கார்டு இல்லாதவருக்கு அரிசி கொடுக்க முடியாத கதைதான்.

விடை கிடைத்தது தமிழ்நாட்டில். மேற்குத் தொடர்ச்சி மலையில் பைக்காராவின் தொடர்ச்சியாக வரும் மோயாறு, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி ஓடி, பவானிசாகர் அணையில் சேர்கிறது. புலியும் யானையும் நடமாடும் இடம், மனிதர்கள் சாதாரணமாகப் போய்வர முடியாது. கூன் மஹசீர் அங்கே இன்னும் வாழ்வது தெரியவந்தது. அங்கிருந்து கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காவிரியின் இன்னொரு கிளையான அமராவதிக்கு வந்து சேரும் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து, ஏற்கெனவே ‘டோர் ரெமாதேவி’ என்று ஒரு மீனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீனியல் ஆய்வாளர் ரெமாதேவியைக் கௌரவிக்கும் பெயர். இரண்டும் ஒரே மீன்!

பாம்பாற்றில் பெயர் வைத்தபோது கையில் இருந்தவை சின்னக் குஞ்சு மீன்கள். அது வளர்ந்தால் 50 கிலோ ராட்சதன் ஆகும் என்று அப்போது தோன்றவில்லை. 2018-ல் இந்த முடிச்சு அவிழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைச் சிவப்புப் பட்டியலில் ‘மிக அபாய நிலை’யில் சேர்த்தது. அதற்கு மேலே இருப்பது, இயற்கையில் அற்றுப்போனது என்ற நிலைதான்.

இப்போ என்ன நிலைமை?

மோயாறு பெரும்பாலும் புலிகள் காப்பகங்களுக்குள் ஓடுவதால் ஓரளவு பத்திரம். ஆனால் பவானிசாகர் அணை கீழே இருப்பதால் அங்குள்ள மீன்கள் காவிரிக்குள் போகவும் முடியாது, காவிரி மீன் மேலே வரவும் முடியாது. மேலே இருக்கும் நீர்மின் நிலையங்கள் எப்போது தண்ணீர் விடும், எப்போது நிறுத்தும் என்பதும் மீனின் கையில் இல்லை. ஒரு இனத்தின் பெரிய நம்பிக்கை, இப்படி அடைபட்ட ஒரே ஆற்றில் இருப்பது நிம்மதியான நிலைமை அல்ல. பக்கத்து ஆற்றில் யாராவது ஆர்வக்கோளாறில் வேறு மஹசீர் குஞ்சுகளை விட்டால் போதும்.

காவிரியின் தமிழ்நாட்டுக் கரையில், கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது. பரப்பு 686 சதுர கிலோமீட்டர். ஏற்கெனவே இருந்த காவிரி வடக்கு சரணாலயம், எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரி சரணாலயம் எல்லாம் சேர்ந்து ஆற்றின் இரண்டு பக்கமும் தொடர்ச்சியாகக் காடு. யானைக்காகப் பேசப்பட்ட அறிவிப்பு, ஆற்றுக்குள் இருப்பவற்றுக்கும் உதவும்.

அதே பகுதியில்தான் மேகதாது அணை திட்டமும் நிற்கிறது. 67 டி.எம்.சி. கொள்ளளவு, மூழ்கப்போகும் நிலம் கிட்டத்தட்ட 5,000 ஹெக்டேர், அதில் பெரும்பகுதி சரணாலயக் காடு. மேகதாது என்றதும் நமக்கு டெல்டாவுக்கு வரும் தண்ணீர் ஞாபகம் வருகிறது. கர்நாடகத்துக்கு பெங்களூரின் குடிநீர். மீனுக்கு அது வீடு. ஓடும் ஆறு தேங்கும் ஏரியாக மாறினால், கூழாங்கல் படுகை தேடும் கூன் மஹசீர் அங்கே எங்கே முட்டையிடும் என்ற கேள்வியை இந்த இரு மாநில வழக்கில் இதுவரை யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

தூண்டில் தடை நல்லதா, கெட்டதா என்ற சண்டையும் முடியவில்லை. தூண்டில்காரர்கள் போனதால் மீன்களுக்கு இம்சை குறைந்தது, உண்மை. அவர்களோடு பதிவேடும் போய்விட்டது, அதுவும் உண்மை. 1998-லிருந்து 2012 வரை என்ன ஆனது என்று நம்மால் மணிக்கணக்கில் சொல்ல முடிகிறது. அதற்குப் பிறகான வருடங்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. கணக்கு எடுப்பதற்காகவாவது வனத்துறை கண்காணிப்பில், கிராமத்துப் பரிசல்காரர்களை வைத்து, குறைந்த அளவில் தூண்டிலை அனுமதிக்கலாம் என்ற யோசனைக்கு வலு இருக்கிறது. போட்டோவுக்காகத் திறந்துவிடுவது வேறு, இது வேறு.

தூண்டில் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ராடு வாங்கியாச்சு, மோயாறுக்கு ஒரு ட்ரிப் அடிக்கலாமா என்று கேட்டால், கூடாது. புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், தூண்டிலோடு நுழைவது அதைவிடப் பெரிய குற்றம். ஏரி, குளங்களில் போடலாம், ஆனால் பல ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடமோ ஊராட்சியிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. எந்த மீனாக இருந்தாலும் விடுவதாக முடிவு செய்தால், மீன் தண்ணீரை விட்டு வெளியே இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். கை ஈரமாக இருக்கட்டும், செவுளில் விரலை விடாதீர்கள். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். தோளில் தூக்கி வைத்து மூன்று நிமிடம் செல்ஃபி எடுத்துவிட்டு விட்ட மீன் பிழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொன்று, வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனை ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். காவிரியில் நடந்தது சின்ன அளவில் எல்லா ஊர் ஏரியிலும் நடந்திருக்கிறது. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, நம்ம ஊர் பெயரில் ஜிலேபி கெண்டை, ஏழைகளுக்கு மலிவான புரதம் என்ற நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. மத்திய அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. விரால், குரவை, உளுவை என்று வலையில் வந்துகொண்டிருந்தவை பல ஏரிகளில் குறைந்துவிட்டன. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டார ஏரிகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்புழுவைக் குத்திப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், தக்கை முதலில் ஆடுவது பெரும்பாலும் ஜிலேபிக்குத்தான்.